ஒரு சிட்டிகை அளவில் ஒன்றரை ஏக்கர்... தெரியுமா?

திசையன்விளை பக்கத்து ஆயன்குளத்தில் ஒரு கிணறு. 2021 மழையில் வெள்ளத்தை அதற்குள் திருப்பி விட்டார்கள். நாள்கணக்கில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. கிணறு நிரம்பவே இல்லை! சுற்றுவட்டாரமே திரண்டு வந்து வேடிக்கை பார்த்த அந்த அதிசயத்தை சென்னை ஐ.ஐ.டி. குழு வந்து ஆராய்ந்தது. காரணம் என்ன தெரியுமா? அடியில் சுண்ணாம்புப் பாறை! அதில் தண்ணீர் அரித்துக் குடைந்த பொந்துகள் வெள்ளத்தை உறிஞ்சிக்கொண்டன.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? மண்ணில் கசிந்து இறங்கும் நீர் ஓரளவு வடிகட்டப்பட்டுவிடும். பாறைப் பொந்தில் ஓடும் நீருக்கு அந்த வசதி இல்லை. மேலே கரைந்த பூச்சிமருந்து அப்படியே கீழே போகலாம்! கண்ணுக்குத் தெரியாத நஞ்சைப் பிடிக்கக் கண்ணுக்குத் தெரியாத ஆள்தானே வேண்டும்? அந்த ஆள்தான் நானோ துகள்!

எவ்வளவு சிறியது? ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போடுங்கள். ஒரு கூறுதான் 1 நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் மட்டுமே சுமார் 80,000 நானோமீட்டர்!

இப்போது ஒரு கணக்கு. 1 சென்டிமீட்டர் கனசதுரம். ஆறு பக்கமும் சேர்த்தால் வெறும் 6 சதுர சென்டிமீட்டர். அதையே 1 நானோமீட்டர் துண்டுகளாக நறுக்கினால்? மேற்பரப்பு 6,000 சதுர மீட்டர்! ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர்! விரல் நுனியில் ஒரு முருங்கைத் தோட்டம்! நஞ்சு வந்து ஒட்ட அவ்வளவு இடம்!

திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காடு ஏன் அப்படிச் சிவந்து கிடக்கிறது தெரியுமா? ஒவ்வொரு மணல் துகளுக்கும் இரும்பு ஆக்சைடு பூச்சு! அந்த இரும்புக் குடும்பத்தின் நானோ வாரிசுகள்தான் தண்ணீரில் ஆர்சனிக் என்ற நஞ்சைப் பிடிப்பதில் கில்லாடிகள். (அதற்காகத் தேரி மண்ணை அள்ளிக் குடத்தில் போட்டுவிடாதீர்கள்!) குடிநீரில் ஆர்சனிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஒரு கிராமில் லட்சத்தில் ஒரு பங்கு! சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் டி. பிரதீப்பின் குழு இதற்கென்றே 'அம்ரித்' என்ற பொருளை உருவாக்கியது. இரும்பு நானோ துகளை எதற்குள் பூட்டினார்கள் தெரியுமா? இறால், நண்டு ஓட்டில் கிடைக்கும் கைட்டோசானுக்குள்! இந்த நுட்பத்தால் நல்ல தண்ணீர் குடிப்பவர்கள் 10 லட்சத்துக்கும் மேல்!

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் 2006-ல் செய்ததைக் கேளுங்கள். 12 நானோமீட்டர் காந்த இரும்பு ஆக்சைடுத் துகளைத் தண்ணீரில் கலந்தார்கள். ஆர்சனிக் போய் ஒட்டிக்கொண்டது. சாதாரணக் காந்தத்தைக் காட்டினார்கள். இரண்டும் ஜோடியாக வெளியே வந்துவிட்டன!

தங்கம் மஞ்சள் என்றா நினைக்கிறீர்கள்? நானோ தங்கம் கலந்த நீர் செக்கச்செவேல்! மஞ்சளாக இருப்பது நானோ வெள்ளி! எதனோடும் எளிதில் சேராத, துருப்பிடிக்காத தங்கம் நானோ அளவுக்கு வந்ததும் குணமே மாறிவிடுகிறது. பாட்டில் தண்ணீரிலும் குளிர்பானத்திலும் பூச்சிமருந்து என்று நாடே கொதித்த 2003-ஆம் ஆண்டிலேயே பிரதீப்பும் ஸ்ரீகுமாரன் நாயரும் அதை வைத்து விளையாடிக் காட்டினார்கள். எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்து நானோ தங்கத்தில் ஒட்ட, சிவப்பு நீலமானது! 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டதே, அதே எண்டோசல்பான்தான்! கார்பன் டெட்ராகுளோரைடு என்ற நச்சு வேதிப்பொருளை நானோ வெள்ளியோடு விட்டால்? அடுப்பு வேண்டாம், சூடு வேண்டாம். சாதாரண அறை வெப்பத்திலேயே உடைந்து வெள்ளிக் குளோரைடும் கரியுமாகிவிட்டது! 2007-ல் பூச்சிமருந்தை நீக்கும் நானோ வடிகட்டி கடைக்கே வந்துவிட்டது. 2013-ல் இதே குழு இன்னொரு கணக்குச் சொன்னது: கிருமியும் உலோக நஞ்சும் இல்லாத தண்ணீருக்கு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுச் செலவு 2.5 டாலர்! மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு!

நம் கடற்கரைக் கருமணலில் இல்மனைட் இருப்பது ஊரறிந்த கதை. அந்தக் கறுப்பிலிருந்து வருவது பளீர் வெள்ளை டைட்டானியம் டை ஆக்சைடு! பெயின்டுக்குப் போகும் அதே பொருள்தான். நானோ அளவில், வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால், தண்ணீரில் கலந்த சாயத்தையும் மருந்தையும் துண்டு துண்டாக உடைக்கிறது. வெயிலுக்கா இங்கே பஞ்சம்?

எல்லாமே நல்ல பிள்ளைகளா? 2008-ல் அமெரிக்காவில் நாற்றம் வராத நானோ வெள்ளி சாக்ஸை வெறும் தண்ணீரில் அலசிப் பார்த்தார்கள். சிலவற்றில் சில அலசலிலேயே வெள்ளி கிட்டத்தட்ட முழுவதும் கழன்று தண்ணீரோடு போயே போச்சு! சாயம் போகிற துணி பார்த்திருக்கிறோம். வெள்ளி போகிற துணி?

கடைசியாக முருங்கை! முற்றிய விதையில் ஒரு புரதம். நேர் மின்னூட்டம் கொண்டது. எதிர் மின்னூட்டமுள்ள கலங்கல் தூசுகளை இழுத்துக் கட்டி அடியில் படிய வைத்துவிடும்! ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோமின் கே.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் புரதத்தைக் காந்த நானோ துகள்மேல் ஏற்றிக் கலங்கல் நீரைத் தெளியவைத்துப் பார்த்தார்கள். திசையன்விளையில் தோட்டம் தோட்டமாய்க் காய்க்கிற முருங்கை, அந்தப் பனி ஊரில் வெளியே நட்டால் பிழைக்கவே பிழைக்காது என்பதுதான் வேடிக்கை!