குமரிக்கண்டத்தில் தை மாதம் அடைமழை

1930 மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் சத்தியாகிரகிகள் மும்பையின் வடாலா உப்பளத்துக்குள் திரளாகப் புகுந்து உப்பை அள்ளினார்கள். உப்பு விளைச்சலின் கடைசி நாட்கள் அவை. ஜூன் இரண்டாம் வாரம் மழை இறங்கிவிட்டால் பாத்திகளில் உப்பு ஏது? மும்பையின் மழை பெரும்பாலும் நான்கு மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்சமுள்ள எட்டு மாத வெயிலை நம்பித்தான் இங்கே உப்பு விளைந்தது.

இந்த ஒழுங்கைப் புரிந்துகொள்ள மூன்று தகவல்கள் போதும். ஊர் 19 டிகிரி வடக்கில் இருக்கிறது, மேற்கே கடல், கிழக்கே மலை. கோடையில் சூடேறிய நிலம் கடல்காற்றை இழுக்கிறது. மலையில் மோதி மேலேறும் காற்று குளிர்ந்து மழையாகிறது. மும்பையின் கோலாபாவில் ஆண்டுக்குச் சுமார் 2,200 மி.மீ. மழை என்றால், மலைமேல் மகாபலேஷ்வரில் 5,500 மி.மீ.யைத் தாண்டுகிறது. மலைக்கு அந்தப்பக்கம் புணேயில் 750 மி.மீ. தேறினாலே பெரிது. ஜூலையில் தாராவி நனைந்துகொண்டிருக்கும்போது ஊருக்கு போன் செய்கிற நெல்லைக்காரருக்கு, “இங்க ஒரு சொட்டு இல்லயே” என்று பதில் வருவதும் அதே மலையின் கைங்கரியம்தான்.

அப்படியானால் இல்லாத நாட்டுக்கும் காலநிலை சொல்லலாமே! 2013இல் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் டான் லன்ட் என்ற காலநிலை அறிஞர் அதைச் செய்தார். ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலில் டோல்கீன் கற்பனை செய்த உலகத்தின் வரைபடத்தைக் கணினிக்குக் கொடுத்து, நிஜ பூமிக்குப் பயன்படும் காலநிலை மாதிரியிலேயே ஓட்டினார். அரக்கர்கள் வாழும் மோர்டாருக்கு லாஸ் ஏஞ்சலஸ், மேற்கு டெக்சாஸ் போன்ற காலநிலை வந்தது. விளையாட்டு என்று இதை ஒதுக்கத் தேவையில்லை. பிற்பாடு இயற்பியலில் நோபல் பெற்ற சுகுரோ மனாபே, 1970களிலேயே மலைகளே இல்லாத பூமியைக் கணினியில் ஓட்டி, மலைகளால் காற்றோட்டம் எப்படி மாறுகிறது என்று பார்த்தவர்.

நம்மிடமும் ஒரு கற்பனைக் கண்டம் உண்டு. 1864இல் பிலிப் ஸ்க்ளேட்டர், லெமூர் இன விலங்குகளின் பரவலை விளக்க, இந்தியப் பெருங்கடலில் மூழ்கிய நிலம் ஒன்றை ஊகித்து லெமூரியா என்று பெயரிட்டார். தமிழில் அது குமரிக்கண்டத்தோடு கலந்துபோனது. கண்டங்களே நகர்கின்றன என்பது உறுதியானபோது அந்த ஊகத்துக்குத் தேவை இல்லாமல் போயிற்று. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தது ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது மனித இனமே கிடையாது. ஆனாலும் மடகாஸ்கரையும் ஆஸ்திரேலியாவையும் தொடும்படி அந்தக் கண்டத்தைப் படம் வரைந்தவர்கள், ஆறும் மலையும் போட்டார்களே தவிர, மழையைப் போட்டதாக நான் பார்த்ததில்லை.

போட்டுப் பார்ப்போம். நிலநடுக்கோட்டை ஒட்டிய வடபகுதியில் பசுங்காடு. அதற்குத் தெற்கே ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்குக் காற்று வீசுகிற வட்டாரம். ஆகவே கிழக்குக் கரை செழிக்கும், மேற்குக் கரை காயும். மடகாஸ்கரைப் பாருங்கள்: கிழக்குக் கரையின் சில இடங்களில் 3,000 மி.மீ.க்கு மேல் மழை, தென்மேற்கு மூலையில் துலியாராவில் 400 மி.மீ. அளவுதான். இன்னும் தெற்கே, 25 டிகிரியை ஒட்டிய உள்நாட்டில், மேலிருந்து இறங்கும் வறண்ட காற்று மேகத்தைச் சேரவிடாது. ஆஸ்திரேலியாவின் நடுவே இருப்பதுபோன்ற பாலைவனம்தான் அங்கே. குமரிக்கண்டத்தில் ஓடியதாகச் சொல்லப்படும் பஃறுளி ஆற்றை அந்தப் பக்கம் ஓடவிட்டால் பாதி வழியில் வற்றிவிடும்.

பருவமும் தலைகீழ். பூமியின் தென்பாதியில் கோடை என்பது மார்கழியும் தையும். டார்வின் நகரத்தில் ஜனவரியில் மழை கொட்டுவதுபோல அங்கும் பொங்கல் பானை நனையும்; ஆடிப்பட்டம் செல்லாது.

அந்தக் கண்டம் இருந்திருந்தால் அடி வாங்குவது மும்பை. ஜூனில் நமக்கு வரும் காற்று தென் இந்தியப் பெருங்கடலில் புறப்பட்டு, கிழக்கு ஆப்பிரிக்கா ஓரம் நிலநடுக்கோட்டைக் கடந்து, பூமி சுழல்வதால் வலப்பக்கம் திரும்பித் தென்மேற்குக் காற்றாகிறது. வரும் வழியெல்லாம் கடலிலிருந்து ஈரத்தை அள்ளுகிறது. அந்த வழியில் குளிர்காலத்து வறண்ட நிலம் விரிந்து கிடந்தால், அரபிக்கடல் தருகிற ஈரம் மட்டுமே மிஞ்சும். சென்னை ஓரளவு தப்பிக்கலாம், அதற்கு வங்கக்கடல் இருக்கிறது. வடாலாவில் உப்பு வேண்டுமானால் கூடுதலாக விளைந்திருக்கும்.

இந்தக் கணக்கு காலநிலைக்குத்தான், ஒருநாள் மழைக்கு அல்ல. 2005 ஜூலை 26இல் சாந்தாக்ரூஸில் 944 மி.மீ. கொட்டியபோது, அதே நகரத்தின் கோலாபாவில் 73 மி.மீ.தான். வடாலா இரண்டுக்கும் நடுவே இருக்கிறது.

கற்பனை நாடு வரைகிற எழுத்தாளர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: முதலில் நிலநடுக்கோட்டைப் போடுங்கள், அடுத்துக் காற்றின் அம்புக்குறிகளை, பிறகு மலைகளை. தலைநகரை எங்கே வைப்பது என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.