மலைமக்களுடன் ஒப்புரவு

தவக்காலம் வந்தால் நாம் வரிசையில் நின்று பாவசங்கீர்த்தனம் செய்கிறோம். அதற்கு இன்று ஒப்புரவு அருட்சாதனம் என்று பெயர். கடவுளோடு மட்டும் ஒப்புரவானால் போதுமா? சகோதரனுக்கு நம்மீது மனத்தாங்கல் இருந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் அவனோடு சமாதானமாகும்படி இயேசு நாதர் சொல்லியிருக்கிறாரே! நம்மீது மனத்தாங்கல் கொள்ளக் காரணமுள்ளவர்கள் வெகு தூரத்தில் இல்லை. ஆனைகட்டியிலும் அட்டப்பாடியிலும் வாழும் இருளர் முதலான மலைமக்களே அவர்கள்.

நல்ல பாவசங்கீர்த்தனத்திற்கு வேண்டியவை ஐந்து என்று ஞானோபதேச வகுப்பில் படித்தோம். அவற்றை இங்கே பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது ஆத்தும சோதனை. கோவன் என்ற இருளர் தலைவனின் பெயரால்தான் நம் ஊர் கோவன்புத்தூர் ஆகி, பின் கோயம்புத்தூர் ஆயிற்று என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நாம் குடிக்கும் சிறுவாணித் தண்ணீரும் அவர்கள் வாழும் மலைகளிலிருந்தே வருகிறது. ஆனால் 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தால் பல காடுகள் அரசின் காப்புக்காடுகளாயின. தலைமுறை தலைமுறையாகத் தேனும் கிழங்கும் எடுத்த காட்டிலேயே அம்மக்கள் அத்துமீறியவர்கள் ஆனார்கள்.

இரண்டாவது மனஸ்தாபம். மலையிலிருந்து வந்து நம்முடன் படிக்கும் தோழி ஒருத்தி தன் வீட்டு மொழியில் பேசியபோது நாம் சிரித்தோம். அதன்பின் தன் தாய் பார்க்க வந்தபோதும் அவள் தமிழிலேயே பேசினாள். அதைக் கண்டபோதுதான் நமக்கு உறைத்தது.

மூன்றாவது, இனி அவ்வாறு செய்வதில்லை என்ற பிரதிக்கினை.

நாலாவது, குற்றத்தை வாய்விட்டுச் சொல்லுதல். காட்டில் வாழும் மக்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்று 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் முகவுரையிலேயே நம் பாராளுமன்றம் ஒப்புக்கொண்டது. கனடா நாட்டில் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, அவர்கள் மொழியை மறக்கச் செய்த பள்ளிகள் இருந்தன. அவற்றுள் பலவற்றை நடத்தியவர்கள் நம் திருச்சபையினர். காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2022 ஜூலையில் அங்கே சென்று மன்னிப்புக் கேட்டார். பாப்பரசரே கேட்டாரென்றால் நமக்கு என்ன தயக்கம்?

ஐந்தாவது பரிகாரம். சக்கேயு வருந்தியதோடு நிற்கவில்லை. ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தார். தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று அரசு அலுவலர்களால் மலைமக்கள் கொடுமைக்குள்ளானார்கள். குற்றவாளிகளுக்கு 2011இல் தண்டனை விதிக்கப்பட்டது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, 18 பெண்களுக்கு நஷ்டஈடு வழங்கவும் ஆணையிட்டது. இத்தனை ஆண்டுகள் காத்திருந்தது பாதிக்கப்பட்டவர்களே அல்லவா?

தோழியரே! பழைய துணிகளைச் சேர்த்து மலைக்கு அனுப்புவது தருமம். அது பரிகாரம் ஆகாது. எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதே பரிகாரம். நாம் எடுத்தது ஒரு தோழியின் மொழியை. அவளிடம் மன்னிப்புக் கேட்போம். அவள் மனம் இசைந்தால், அவள் மொழியில் ஒரு பாட்டைக் கற்றுத் தரும்படி கேட்டு, அவள் முன் அமர்வோம். அன்று அவள் ஆசிரியை, நாம் மாணவிகள். நம் ஒப்புரவு அங்கிருந்து தொடங்கட்டும்.