மனக்குமுறலை யாரிடம் சொல்வது?

“மனதில் இருப்பதைக் கொட்டிவிடு, பாரம் குறையும்” என்று சொல்கிறவர்களே, “வீட்டு விஷயம் வாசல்படி தாண்டக் கூடாது” என்றும் சொல்கிறார்கள். இரண்டு அறிவுரையும் கேட்பவர் யார் என்பதை விட்டுவிடுகின்றன. துக்கம், பயம், கோபம், அவமானம் இவற்றில் எதைச் சொல்வதானாலும், அதைக் காப்பாற்றும் கடமை கேட்பவருக்கு உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். சொல்வதா, அடக்குவதா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

அடக்குவதால் உணர்ச்சி போய்விடுவதில்லை. உளவியலாளர்கள் ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் இருவரும் 1993-ல் வெளியிட்ட ஆய்வில், அருவருப்பூட்டும் படத்தைப் பார்த்தபடி முகத்தில் எதுவும் காட்டாமல் இருக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு அருவருப்பு குறையவில்லை. உடலுக்குள் பதற்றத்தின் அறிகுறிகள் சில கூடின. அதற்காகக் கொட்டுவதெல்லாம் மருந்து என்றும் சொல்ல முடியாது. பிராட் புஷ்மன் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்கள், சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகக் கோபத்தோடு இருந்தார்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-ல் வெளியிட்ட ஆய்வோ வேறொரு வழியைக் காட்டியது. தங்களை உலுக்கிய அனுபவத்தை, நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து நான்கு நாள் எழுதிய மாணவர்கள், அடுத்த மாதங்களில் சுகாதார மையத்துக்குப் போனது குறைந்தது. யாரிடமும் சொல்ல முடியாத இரவில் ஒரு நோட்டுப் புத்தகம் கைகொடுக்கும் என்பதை இப்படிப்பட்ட ஆய்வுகளை வைத்துத்தான் நம்பிச் சொல்ல முடிகிறது.

கைப்பேசியை அப்படி நம்ப முடியாது. நள்ளிரவில் அழுதுகொண்டே தோழிக்கு அனுப்பிய குரல் பதிவு, காலையில் உறவினர் குழுவில் ஓடலாம். ‘ஒருமுறை மட்டும்’ பார்க்கும்படி அனுப்பிய படத்தையும் இன்னொரு கைப்பேசியால் படம் எடுத்துவிடலாம். தோழி நல்லவளாகவே இருக்கட்டும். ரகசியம் காக்கும்படி அவளைக் கட்டுப்படுத்தும் தனிச் சட்டம் இல்லை. அலுவலகத்து மனிதவள அதிகாரி எவ்வளவு பரிவோடு கேட்டாலும், அவர் சம்பளம் வாங்குவது நிறுவனத்திடம். ஆனால் பணியிடப் பாலியல் துன்புறுத்தலில் பொறுமையாகக் காத்திருப்பதே ஆபத்து. இதற்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் நிறுவனத்தின் உள்ளகக் குழுவிடம் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். புகார் செய்தவரின் அடையாளத்தை வெளியிடவும் அந்தச் சட்டம் தடை விதிக்கிறது.

சட்டக் கடமையோடு கேட்பவர்கள் மனநல சிகிச்சை தருபவர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவரின் உடல்நலம், மனநலம், சிகிச்சை பற்றிய விவரங்கள் ரகசியமாக இருக்கும் உரிமையை அவருக்குத் தருகிறது. சிகிச்சையில் பங்குபெறும் பிற மருத்துவர்கள், அவர் நியமித்த பிரதிநிதி, உயிருக்கோ பிறருக்கோ ஆபத்து, நீதிமன்ற உத்தரவு என விலக்குகள் சில உண்டு. அந்த உரிமை மீறப்பட்டால் 28-ஆம் பிரிவின்படி அந்த மையத்தின் பொறுப்பு மருத்துவ அதிகாரியிடம் புகார் தரலாம். தீர்வு கிடைக்காவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் போகலாம். சட்டத்தை முதல் முறை மீறுவோருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க 108-ஆம் பிரிவு வழிசெய்கிறது. பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: 18 வயதுக்கு உட்பட்டவர் மீதான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் அதைப் புகாராகத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு. எனவே குழந்தையிடம் “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. “உன்னைக் காப்பாற்றத் தேவையானவர்களிடம் மட்டும் சொல்வேன்” என்பதே நேர்மை.

ஆள் பார்த்துப் பேசு என்றால், ஏற்கெனவே வாய் திறக்காதவர்கள் இன்னும் ஒடுங்கிப்போவார்களே என்று கேட்கலாம். நியாயமான பயம்தான். குறிப்பாக ஆண்களுக்கு அழுகையே அவமானம் என்று சொல்லி வளர்க்கும் ஊரில். ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: இந்த எச்சரிக்கையெல்லாம் அவகாசம் இருப்பவர்களுக்கானது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்துவிட்டால் ஆள் தேட வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் யாரானாலும் அவரிடமே சொல்ல வேண்டும். வழக்கு வரும் என்று பயந்து மறைக்கவும் தேவையில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. அரசு ஊழியரின் கடமையைத் தடுக்க அப்படி முயல்வது மட்டும் 226-ஆம் பிரிவில் குற்றமாக இருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்று கருதி, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தரும் கடமையை 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு அரசின் மீது சுமத்துகிறது.

மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்புத் தொண்டு நிறுவனமான சிநேகாவின் எண் 044-24640050. குடும்ப வன்முறைக்கு உள்ளாகும் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. இந்த எண்களை இன்றே கைப்பேசியில் பதிந்துவையுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.