போர்ட்டைத் திறப்பதற்கு முன்

ஊரிலிருக்கும் வயோதிகப் பெற்றோரை வெளியூரிலிருந்தபடியே பார்த்துக்கொள்ள வேண்டுமென்ற நியாயமான விருப்பத்தினால் வீட்டில் கேமரா மாட்டுகிறவர்கள், மாட்ட வந்த பையன் ரவுட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்' செய்து, "இனி எங்கிருந்தும் பார்க்கலாம் சார்" என்று சொல்லிப் போவதைப் பெரிய வரப்பிரசாதமாகக் கருதுகிறார்கள். எங்கிருந்தும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதே அவ்வாக்கின் பூரண அர்த்தம். 2016-இல் மிராய் என்ற நாசகார நிரல், கம்பெனி வைத்த பாஸ்வேர்டு மாறாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் வசப்படுத்தியது. இன்றும் பல வீடுகளில் அதே 'அட்மின்' தான்.

முதற்காரியம், ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் பாஸ்வேர்டை மாற்றுவது. பின்பு, கேட்காமலே போர்ட்டைத் திறந்துவிடும் யுபிஎன்பியை அணைத்து, கேமராவுக்கும் ரிமோட் டெஸ்க்டாப்புக்கும் (3389) திறந்தவற்றை நீக்கி, வீட்டில் ஓடும் விபிஎன் (மறையாக்கிய தனிவழி) ஒன்றுக்கு மாத்திரம், வயர்கார்டாயின் யுடிபி 51820, ஓப்பன்விபிஎன்னாயின் யுடிபி 1194 என்று வழிவிட்டு, அதன் வாயிலாகவே கேமராவைப் பார்க்க வேண்டும். ரவுட்டரின் வெளிப்புற (WAN) முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் உங்கள் இணைப்பு பொது முகவரியைப் பலருடன் பகிர்வது. அங்கே போர்ட் திறந்தும் பிரயோஜனமில்லை. அப்படியானால், ஸ்டாட்டிக் ஐபி (மாறாத பொது முகவரி) வேண்டுமென்று இணைய இணைப்புக் கம்பெனிக்கு எழுத்துமூலம் விண்ணப்பித்து, கட்டணம் கட்டியும் தராவிட்டால் புகார் எண்ணை வாங்கிக்கொண்டு, அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள்" என்று போனில் சொல்வது பரிகாரமாகாது. புகார் எண் இல்லாத புகாரும் புகாராகாது.

அந்நியர் நுழைந்துவிட்டால், பதற்றத்தில் ரீசெட் பட்டனை அமுக்கிச் சாட்சியத்தை அழித்துவிடாதீர்கள். இணைய வயரைக் கழற்றி, லாக் பக்கத்தையும் போர்ட் பட்டியலையும் படமெடுத்துக்கொண்டு, பணம் போயிருந்தால் உடனே 1930-க்கும், மற்றவற்றுக்கு தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் முறையிடுங்கள். சம்மதமின்றி ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைப் படமெடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரியது. நஷ்டஈடு கோர மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரே தீர்ப்பளிக்கும் அதிகாரி என்பதைக் காவல் நிலையத்தில் யாரும் தாமாகச் சொல்லுவதில்லை.

மறுபடியும் சொல்லுகிறேன்: இதைப் படித்து முடித்த கையோடு அந்தப் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.