சக்கரத்தைப் பிடித்திருக்கும் சிறு பந்து!

"டொக்... டொக்..."

கார் வேகத் தடையில் ஏறி இறங்குகிறது. முன்சக்கரத்தின் பக்கம் இந்தச் சத்தம் கேட்கிறது.

"என்னங்க, ஏதோ சத்தம் வருதே?" என்கிறார் மனைவி.

"பழைய வண்டிதானே! அப்படித்தான் இருக்கும்" என்கிறார் கணவர்.

கார் வைத்திருக்கும் பல வீடுகளில் நடக்கும் பேச்சு இது. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டும். ஊரில் ஒரு கல்யாணம். கைப்பணம் கரைந்துவிடுகிறது. "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ரிப்பேர் தள்ளிப் போகிறது.

அந்தச் சத்தத்துக்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்றை மட்டும் தள்ளிப் போடவே கூடாது. அதுதான் பந்து மூட்டுத் தேய்மானம். பட்டறைகளில் இதைப் "பால் ஜாயிண்ட்" என்பார்கள்.

உடம்பிலும் உண்டு

இந்த மூட்டு எப்படி இருக்கும் என்று அறிய, பட்டறைக்குப் போக வேண்டாம். நம் உடம்பையே பார்த்தால் போதும்.

தொடை எலும்பின் மேல் முனை பந்து போல் உருண்டையாக இருக்கிறது. இடுப்பு எலும்பில் கிண்ணம் போல ஒரு குழி. அந்தக் குழிக்குள் இந்தப் பந்து உட்கார்ந்திருக்கிறது. ஆகவேதான் காலை முன்னும் பின்னும் வீசலாம், பக்கவாட்டிலும் அகற்றலாம். முழங்கால் அப்படி அல்ல. கதவுக் கீல் போல ஒரு பக்கம்தான் மடங்கும்.

காரின் முன்சக்கரத்துக்கு இரண்டு வேலை. பள்ளம் மேட்டுக்குத் தக்கபடி மேலும் கீழும் ஆட வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் இடமும் வலமும் திரும்ப வேண்டும். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்ய வேண்டும். கதவுக் கீலால் இது முடியாது. பந்து மூட்டால் முடியும்.

காரின் அடியில் ஓர் இரும்புக் கை நீண்டிருக்கிறது. இதற்கு "லோயர் ஆர்ம்" என்று பெயர். அதன் ஒரு முனை வண்டியின் உடலோடு பொருந்தியிருக்கும். மறு முனையில் பந்து மூட்டு. அந்த மூட்டுதான் சக்கரத்தின் பக்கம் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சில வண்டிகளில் ஒவ்வொரு பக்கமும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு மூட்டுகள் இருக்கும். சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் பக்கத்துக்கு ஒன்றுதான். உள்ளே உள்ள பந்தோ பெரிய நெல்லிக்காய் அளவே இருக்கும்!

பழங்காலக் கார்களில் "கிங் பின்" என்ற தடித்த இரும்புக் கம்பி இந்த வேலையைச் செய்தது. அமெரிக்காவில் 1952-ல் லிங்கன் காரிலும், 1954-ல் ஃபோர்டு காரிலும் முன்சக்கரங்களுக்குப் பந்து மூட்டு வந்தது. பிறகு உலகெங்கும் பரவியது.

கிழிந்தது ரப்பர்தான்!

பந்தும் கிண்ணமும் உரசாமல் இருக்கக் கிரீஸ் வேண்டும். கிரீஸ் வெளியே போகாமலும், அழுக்கு உள்ளே வராமலும் இருக்க ஒரு ரப்பர் உறை போட்டிருக்கிறார்கள்.

மூட்டு கெடுவது பல சமயம் இந்த உறையில்தான் தொடங்குகிறது. வெயிலில் வெந்து, நாளாக ஆக ரப்பர் வெடிக்கிறது. மழைநீரும் மணலும் உள்ளே புகுகின்றன. கிரீஸோடு மணல் கலந்தால் என்ன ஆகும்? சாணை பிடிப்பது போல் பந்தும் கிண்ணமும் தேய்கின்றன. இடைவெளி விழுகிறது. "டொக்" என்ற சத்தம் பிறக்கிறது.

பழைய வண்டிகளில் கிரீஸ் அடைக்கச் சிறு மூக்கு ஒன்று இருக்கும். சர்வீசுக்கு விடும்போதெல்லாம் கிரீஸ் அடிப்பார்கள். இப்போதைய கார்களில் பெரும்பாலும் மூடி முத்திரையிட்ட மூட்டுதான். கிரீஸ் அடிக்க வழி இல்லை. ஆகவே சர்வீசின்போது, "ரப்பர் கிழிந்திருக்கிறதா, பாருங்கள்" என்று கேட்பதே வண்டிக்காரர் செய்ய வேண்டிய பராமரிப்பு.

கழன்றால் என்ன ஆகும்?

தேய்மானம் முற்றினால் ஒரு நாள் பந்து கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடும். அப்போது சக்கரத்தின் அடிப்பக்கத்துக்குப் பிடிமானம் இல்லை. சக்கரம் சாய்ந்து மடங்கும். வண்டியின் மூக்கு தரையைத் தொடும். ஸ்டியரிங்கை எப்படித் திருப்பினாலும் பயன் இல்லை. வீட்டு வாசலில் நடந்தால் பண நஷ்டத்தோடு போகும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது நடந்தால்?

2005-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு பெரிய கார் கம்பெனி 7 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திருப்பி அழைத்தது. காரணம், இந்தப் பந்து மூட்டு. தயாரிக்கும்போது பந்தின் மேல் விழுந்த கீறலால் மூட்டு சீக்கிரம் தேயக்கூடும் என்று கண்டார்கள். ஒரு சிறு கீறலுக்கே இவ்வளவு கவலை!

எப்படிக் கண்டுபிடிப்பது?

மூட்டு சட்டென்று கழன்றுவிடுவதில்லை. முன்கூட்டியே சொல்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது சத்தம். நேர்ச் சாலையிலும் வண்டி ஒரு பக்கம் அலைவது. டயரின் ஓரம் மட்டும் தேய்வது. இவை எச்சரிக்கைகள்.

பட்டறையில் வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்குவார்கள். ஜாக்கி வைக்கும் இடம் வண்டிக்கு வண்டி மாறும். சக்கரத்தின் மேல் முனையையும் கீழ் முனையையும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்வார்கள். பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு சக்கரத்தின் பேரிங்கில் இருக்கலாம். பிறகும் ஆடினால் பந்து மூட்டின் மேல்தான் சந்தேகம்.

மாற்றுவது எப்படி?

தேய்ந்த மூட்டை ஒட்டுப் போட முடியாது. புதிதுதான் போட வேண்டும். சில கார்களில் மூட்டை மட்டும் மாற்றலாம். சிலவற்றில் லோயர் ஆர்மோடு சேர்த்தே மாற்ற வேண்டும்.

முதலில் வண்டி ஸ்டாண்டின் மேல் உறுதியாக நிற்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போவது உயிருக்கு ஆபத்து. பிறகு சக்கரத்தைக் கழற்றுவார்கள். பல வண்டிகளில் மூட்டின் நட்டுக்கு ஸ்பிளிட் பின் போட்டிருக்கும். அதை உருவி, நட்டைத் திருகி எடுத்து, "புல்லர்" என்ற கருவியால் மூட்டைப் பிரிப்பார்கள்.

புது மூட்டைப் பொருத்தியதும், கம்பெனி சொன்ன அளவுக்கு நட்டை முறுக்க வேண்டும். பின் போடும் ஓட்டை நேராக வராவிட்டால் இன்னும் சற்று முறுக்கலாம், தளர்த்தக் கூடாது. பழைய பின்னை மறுபடி போடவும் கூடாது. கடைசியில் வீல் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் டயர் தேய்ந்து, இன்னொரு செலவு வரும்!

அடுத்த முறை காரில் போகும்போது, "ஏதோ சத்தம் வருதே" என்று வீட்டில் ஒருவர் சொன்னால், ரேடியோவின் சத்தத்தைக் கூட்ட வேண்டாம். பட்டறைப் பக்கம் வண்டியைத் திருப்புங்கள். கல்யாணத்துக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனாலும், எல்லோருமாகப் போய்ச் சேர்வதுதான் முக்கியம்.