பேரனுக்கு 7 வயதானால் பாட்டி ஊர் திரும்ப வேண்டும்: ஜப்பானில் எந்த வகையிலும் சேராதவர்களுக்கான விசா

டோக்கியோவின் எடோகாவா வட்டாரத்தில் இருக்கிறது நிஷி-கசாய். 2000-ம் ஆண்டை ஒட்டி மென்பொருள் வேலைக்கு வந்த இந்தியர்கள் அங்கே வீடு பிடிக்கத் தொடங்கினார்கள். இன்று இட்லி மாவு, கறிவேப்பிலை வரை கிடைக்கும் 'லிட்டில் இந்தியா' அது. அங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் ஒரு குழந்தை பிறந்துவிட்டால் உடனே எழுகிற கேள்வி, ஊரில் இருக்கும் அம்மாவை எத்தனை நாளைக்கு அழைத்து வர முடியும் என்பதுதான்.

வழக்கமான பதில்: அதிகபட்சம் 90 நாள். உறவினரைப் பார்க்க வரும் குறுகிய கால விசா அவ்வளவுதான் தரும். அதற்குப் பிறகு?

அங்கேதான் சிக்கல். ஜப்பானில் வேலை பார்க்கும் வெளிநாட்டவர் தன் மனைவியை அல்லது கணவரை, பிள்ளைகளை 'குடும்ப விசா'வில் அழைத்து வரலாம். பெற்றோர் அந்தப் பட்டியலில் இல்லை. எத்தனை வருடம் வரி கட்டியிருந்தாலும் சரி, அப்பா அம்மாவுக்கென்று தனி விசா வகையே அங்கு கிடையாது.

ஆனாலும் சில வீடுகளில் பாட்டிகள் வருடக்கணக்கில் இருக்கிறார்களே, எப்படி? அவர்களுடைய அடையாள அட்டையில் 'தொக்குதேய் கட்சுதோ' என்று எழுதியிருக்கும். தமிழில் 'குறிப்பிட்ட செயல்பாடுகள்' எனலாம்.

'இதர' என்று ஒரு டப்பா

ஜப்பான் குடியேற்றச் சட்டத்தில் 29 வகைத் தங்கும் தகுதிகள் உள்ளன. பேராசிரியர், பொறியாளர், மாணவர், சமையல் கலைஞர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். எந்தக் கட்டத்திலும் அடங்காதவர்களை என்ன செய்வது? அதற்காக வைக்கப்பட்ட டப்பாதான் இந்த 'குறிப்பிட்ட செயல்பாடுகள்'. இங்கே யார் தங்கலாம், என்ன செய்யலாம் என்பதை நீதி அமைச்சர் முடிவு செய்கிறார். 1990-ல் வெளியான ஓர் அறிவிக்கையில் எண் போட்டு ஒரு பட்டியல் இருக்கிறது. நாடாளுமன்றத்தில் சட்டம் திருத்தாமலே அதில் புது எண்களைச் சேர்க்கலாம். அதனால் 35 ஆண்டுகளில் பட்டியல் நீண்டுகொண்டே வந்திருக்கிறது.

முதல் எண் யாருக்குத் தெரியுமா? தூதர் வீட்டு வேலையாட்களுக்கு. அதே பட்டியலில் ஒப்பந்த நாடுகளின் இளைஞர்கள் ஊர் சுற்றிக்கொண்டே வேலை பார்க்கும் 'வொர்க்கிங் ஹாலிடே' இருக்கிறது (இந்தியாவுடனும் இலங்கையுடனும் அந்த ஒப்பந்தம் இல்லை). சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப் வரும் வெளிநாட்டு மாணவர், மருத்துவமனையில் சிகிச்சைக்கு வருபவர், அவருக்குத் துணையாக வருபவர் என எல்லாரும் இதே டப்பாவில்தான்.

பாட்டி எந்த எண்ணில் வருகிறார்?

கல்வி, சம்பளம், அனுபவம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு, 70 அல்லது அதற்கு மேல் எடுப்பவர்களை 'உயர்திறன் நிபுணர்' என்கிறது ஜப்பான். அவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை: வீட்டில் 7 வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தாலோ, அவரோ மனைவியோ கர்ப்பமாக இருந்தாலோ, உதவிக்குப் பெற்றோரை அழைக்கலாம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 80 லட்சம் யென்னுக்குக் குறையக் கூடாது. நம் கணக்கில் அது 40 லட்சம் ரூபாய்க்கு மேல். பெற்றோர் அதே வீட்டில்தான் தங்க வேண்டும்.

இன்னொரு நிபந்தனைதான் வீட்டுக்குள் வில்லங்கம் ஆகக்கூடியது. கணவன் பக்கப் பெற்றோர் அல்லது மனைவி பக்கப் பெற்றோர், யாராவது ஒரு தரப்புக்குத்தான் அனுமதி. சம்பந்திகள் ஒரே நேரத்தில் வர முடியாது.

குழந்தைக்கு 7 வயது நிறைந்துவிட்டால் காரணம் தீர்ந்துவிடுகிறது. அடுத்த நீட்டிப்பு கிடைக்காது. பாட்டிக்கு வயதாகிறது, தனியாக இருக்கிறார் என்பதெல்லாம் இந்த எண்ணின் கணக்கில் வராது. இது பேரனைப் பார்த்துக்கொள்வதற்கான அனுமதி. பாட்டியைப் பார்த்துக்கொள்வதற்கானது அல்ல.

அப்படியானால் ஊரில் யாருமில்லாத வயதான அம்மாவுக்கு வழியே இல்லையா? இருக்கிறது, ஆனால் பட்டியலுக்கு வெளியே. எண் போடப்படாத காரணங்களுக்கும் மனிதாபிமான அடிப்படையில் இந்தத் தகுதியை வழங்கும் நடைமுறை உண்டு. வயது எழுபதை ஒட்டியோ தாண்டியோ இருக்க வேண்டும், சொந்த நாட்டில் துணையோ வேறு பிள்ளைகளோ இருக்கக் கூடாது, ஜப்பானில் உள்ள பிள்ளைக்குக் காப்பாற்றும் வசதி இருக்க வேண்டும் என்று பொதுவாகப் பார்க்கிறார்கள். இது எழுதப்பட்ட விதி இல்லை. தகுதி இருந்தும் மறுக்கப்படலாம். தவிர, பட்டியலில் இல்லாத காரணத்துக்கு முன்கூட்டியே தகுதிச் சான்றிதழ் வாங்க முடியாது என்பதால், அம்மா முதலில் 90 நாள் விசாவில் வந்து இறங்கி, அங்கிருந்தபடி தகுதியை மாற்றக் கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் திரும்ப விமானம் ஏற வேண்டியதுதான்.

பாஸ்போர்ட்டில் பின் அடித்த துண்டுக் காகிதம்

'குறிப்பிட்ட செயல்பாடுகள்' என்று மட்டும்தான் அட்டையில் இருக்கும். என்ன செயல்பாடு என்பது அதில் இருக்காது. அதைச் சொல்வது பாஸ்போர்ட்டில் பின் அடித்துத் தரப்படும் ஒரு சிறிய தாள். ஜப்பானியர்கள் அதை 'ஷிதெய்ஷோ' என்கிறார்கள். ஒருவர் வேலைக்குப் போகலாமா, எந்த நிறுவனத்தில், எந்த வேலை என்பதெல்லாம் அந்தத் தாளில்தான். இதே தகுதியில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் முழுநேர ஊழியராக இருக்கலாம். இன்னொருவர் ஒரு மணி நேரம்கூட வேலை பார்க்கக் கூடாதவராக இருக்கலாம். அட்டையை மட்டும் பார்த்து ஆள் எடுக்கும் முதலாளியும், அட்டையை மட்டும் நம்பி வேலைக்குப் போகும் இளைஞரும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இந்தத் தாளின் அருமை நன்றாகத் தெரிவது 46-ம் எண்ணில். 2019 மே மாதம் வந்தது இது. ஜப்பானில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, ஜப்பானிய மொழித் தேர்வில் மிக உயர்ந்த என்1 நிலையைத் தாண்டியவர்களுக்கானது. வழக்கமான பொறியாளர் விசாவில் ஹோட்டல் வரவேற்பு, கடை விற்பனை, உணவக வேலை எல்லாம் கடினம். 46-ல் முடியும். ஆனால் அதிலும் நுணுக்கம் உண்டு. உணவகத்தில் வாடிக்கையாளரோடு பேசி வேலை பார்க்கலாம், பாத்திரம் கழுவுவது மட்டுமே வேலையாக இருக்கக் கூடாது. சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டியபடி டாக்சி ஓட்டலாம், வண்டி கழுவுவது மட்டும் என்றால் கூடாது. ஜப்பானியருக்கு இணையான சம்பளம் தர வேண்டும்.

அந்தத் தாளில் நிறுவனத்தின் பெயரும் இருக்கும். அதாவது வேறு கம்பெனிக்கு மாறினால் அதே விசாவில் போய்ச் சேர்ந்துவிட முடியாது. மீண்டும் விண்ணப்பித்து, புதுத் தாள் வாங்கிய பிறகே வேலையைத் தொடங்கலாம். பொறியாளர் விசாவில் இருக்கும் நண்பர் இரண்டே வாரத்தில் கம்பெனி மாறியதைப் பார்த்து இவரும் மாறினால், அது சட்டவிரோத வேலை.

படிப்பு முடிந்தும் வேலை கிடைக்காதவர்களுக்கும் இதே டப்பாவில் இடம் உண்டு. பல்கலைக்கழகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு விண்ணப்பித்தால் 6 மாதம், இன்னொரு முறை நீட்டித்தால் மொத்தம் ஓராண்டு வேலை தேடலாம். தனி அனுமதி வாங்கி வாரத்துக்கு 28 மணி நேரம் பகுதிநேர வேலையும் பார்க்கலாம்.

லேப்டாப்போடு வருபவர்களுக்கு

2024 மார்ச் இறுதியில் வந்த 'டிஜிட்டல் நோமாட்' விசாவும் இதன் ஒரு கிளைதான். வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஜப்பானில் உட்கார்ந்தபடி வேலை பார்க்கலாம். ஆண்டு வருமானம் 1 கோடி யென், 1 கோடி யென்னுக்கு மருத்துவக் காப்பீடு, தங்குவது 6 மாதம். நீட்டிப்பு கிடையாது. சமூக ஊடகங்களில் இதைப் பற்றி வந்த ரீல்களில் பலவும் ஒன்றைச் சொல்லாமல் விட்டன: விசா இல்லாமலே ஜப்பானுக்குள் போகக்கூடிய, வரி ஒப்பந்தமும் உள்ள நாடுகளின் குடிமக்களுக்கு மட்டும்தான் இது. இந்திய பாஸ்போர்ட்டும் இலங்கை பாஸ்போர்ட்டும் அதில் வராது. சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர் விண்ணப்பிக்கலாம்.

பாஸ்போர்ட்டைப் பார்க்காமல் பட்டத்தைப் பார்க்கும் வழியும் உண்டு. 2023 ஏப்ரலில் வந்த 'ஜே-ஃபைண்ட்'. மூன்று உலகத் தரவரிசைகளில் இரண்டிலாவது முதல் 100-க்குள் வரும் பல்கலைக்கழகத்தில் படித்து 5 ஆண்டுகளுக்குள் இருப்பவர்கள், 2 லட்சம் யென் கையிருப்போடு போய் 2 ஆண்டு வரை வேலை தேடலாம், தொழில் தொடங்கத் தயாராகலாம். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் அந்த வரிசைகளில் முதல் 100-க்குள் வரவில்லை என்பதால், சென்னையில் படித்தவருக்கு இல்லை. அதே சென்னைக்காரர் சிங்கப்பூரிலோ லண்டனிலோ படித்திருந்தால் உண்டு.

அடைக்கலம் கேட்பவரும் இதே அட்டையில்

2020-ல் கொரோனாவால் விமானம் இல்லாமல் சிக்கியவர்களுக்கும், 2021 ராணுவப் புரட்சிக்குப் பின் மியான்மர் திரும்ப முடியாதவர்களுக்கும், 2022-ல் போருக்குத் தப்பி வந்த உக்ரைனியர்களுக்கும் ஜப்பான் கொடுத்தது இதே தகுதியைத்தான். முறைப்படி விசாவில் வந்து அகதி அந்தஸ்து கேட்டு விண்ணப்பிப்பவர்களும், முடிவு வரும்வரை பெரும்பாலும் இதில்தான் காத்திருக்கிறார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வேலை பார்க்கலாமா என்பதை அந்தத் துண்டுத் தாளே சொல்லும்.

2023-ல் 13,823 பேர் விண்ணப்பித்தார்கள். நாடு வாரியாகப் பார்த்தால் முதலிடம் இலங்கை. அந்த ஆண்டு அகதிகளாக அங்கீகரிக்கப்பட்டவர்கள் 303 பேர், அதில் பெரும்பான்மையினர் ஆப்கானிஸ்தானியர். முன்பெல்லாம் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை நாடு கடத்த மாட்டார்கள். 2024 ஜூனில் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, மூன்றாவது முறையும் அதற்கு மேலும் விண்ணப்பிப்பவர்களுக்குப் பொதுவாக அந்தப் பாதுகாப்பு இல்லை.

30 நாளா, 31 நாளா?

வேறு எந்த விசாவில் இருந்தவருக்கும் நீட்டிப்பு மறுக்கப்பட்டால், மூட்டை கட்டுவதற்கு அவகாசமாக 'புறப்பாட்டுத் தயாரிப்பு' என்று ஒரு அனுமதி தரப்படுவதுண்டு. அதுவும் இதே தகுதிதான். அதில் 30 நாள் என்று போட்டிருக்கிறதா, 31 நாள் என்று போட்டிருக்கிறதா என்று விவரம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பார்கள்.

ஒரு நாளில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றலாம். குடியேற்றச் சட்டப்படி, 30 நாளுக்கு மேல் தங்கும் காலம் உள்ளவர் அது முடிவதற்குள் புது விண்ணப்பம் போட்டுவிட்டால், முடிவு வரும்வரை, அதிகபட்சம் இன்னும் 2 மாதம் சட்டப்படி தங்கலாம். 30 நாளோ அதற்குக் குறைவோ உள்ளவருக்கு அந்த உரிமை இல்லை. 31 என்று இருந்தால், குறைகளைச் சரிசெய்து இன்னொரு முறை விண்ணப்பித்துப் பார்க்க நேரம் இருக்கிறது. 30 என்று இருந்தால், விண்ணப்பம் போட்டாலும் அதற்குள் முடிவு வராவிட்டால் 31-ம் நாள் காலை அவர் சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவர்.