வெயில் வேறு, புழுக்கம் வேறு

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து கட்டட வேலைக்காகச் சென்னை செல்லும் தொழிலாளர்கள், அங்கே வெயில் குறைவுதான் என்பார்கள்; ஆனால், உடம்பு தாங்கவில்லை என்றும் சேர்த்துச் சொல்வார்கள். வானிலை அறிக்கையில் சேலத்துக்கு 40 டிகிரி செல்சியஸ், சென்னைக்கு 35 டிகிரி என்று இருந்தால், சென்னையே சுகமான ஊர் என்று தோன்றும். உடல் அதை ஏற்பதில்லை. உடல் சொல்வதே சரி.

காற்றின் வெப்பம் உடல் வெப்பமான 37 டிகிரியை நெருங்கிவிட்டால், உடலைக் குளிர்விக்க வியர்வையைத் தவிர வேறு வழியில்லை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆவியாகாமல் சொட்டினால் அவ்வளவும் வீண். சித்திரை மாதத்தில் சேலத்து மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும், அதே பானை சென்னையில் மந்தமாகவே குளிர்வதும் இதனால்தான். மனித உடலும் ஒருவகையில் மண்பானையே.

இதை அளக்க ஒரு வழி உண்டு. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றோட்டத்தில் வைத்தால் கிடைப்பது 'ஈரக்குமிழ் வெப்பநிலை'. வெப்பம் 40 டிகிரி, ஈரப்பதம் 25 விழுக்காடு என்றால் அது ஏறத்தாழ 24 டிகிரி. வெப்பம் 35 டிகிரி, ஈரப்பதம் 65 விழுக்காடு என்றால் 29 டிகிரி. வெப்பமானியில் 5 டிகிரி குறைவான ஊர், வியர்வைக் கணக்கில் 5 டிகிரி கடுமையானதாகிவிடுகிறது! ஈரக்குமிழ் அளவு 35-ஐத் தொட்டால், நிழலில் சும்மா அமர்ந்திருப்பவரும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்பது அறிவியல் கணிப்பு. அந்த எல்லை இன்னும் கீழே இருக்கலாம் என அண்மைக்கால ஆய்வுகள் கூறுகின்றன.

அயோத்தியாப்பட்டணத்தின் பெயரில் பட்டணம் இருந்தாலும், கடல் 150 கிலோமீட்டருக்கு அப்பால்தான். சுற்றிலும் மலைகள், கோடையில் வறண்ட காற்று. சென்னையில் நண்பகலையொட்டிக் கடற்காற்று வந்து வெப்பத்தைத் தணிக்கிறது. கூடவே ஈரத்தையும் கொண்டுவருகிறது. மேற்குக் காற்று வலுத்துக் கடற்காற்றைத் தடுக்கும் நாள்களில் சென்னையும் கொதிக்கும். 2003 மே 31-இல் அங்கு 45 டிகிரி பதிவானது.

ஆயினும், வெப்பமண்டலக் கடற்கரையான சென்னையைவிடத் துணை வெப்பமண்டலக் கடற்கரைகளின் உச்சம் கொடியது. கடக ரேகைக்குச் சற்று வடக்கே உள்ள கராச்சியில் ஜூன் மாதப் பகல், சென்னையைவிட ஏறத்தாழ முக்கால் மணி நேரம் நீளம். 2015 ஜூனில் அங்கு கடற்காற்று ஓய்ந்தபோது, வெப்பமும் புழுக்கமும் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தன. ஆழம் குறைந்த பாரசீக வளைகுடாவின் நீரே கோடையில் 33 டிகிரியைத் தாண்டும். அதன் கரையிலுள்ள ராஸ் அல் கைமாவில் ஈரக்குமிழ் அளவு சிறிது நேரம் 35-ஐத் தொட்டதை 2020-இல் வெளியான ஆய்வு சுட்டிக்காட்டியது. நம்மவர்கள் திரளாகப் பணியாற்றும் ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலைக்குத் தடை உண்டு.

இங்கே நிலைமை என்ன? சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37 டிகிரி. அதுவும் இயல்பைவிட 4.5 டிகிரி கூடினால்தான் வெப்ப அலை. இந்த வரையறையில் ஈரப்பதத்துக்கு இடமில்லை. 2024 அக்டோபர் 6-இல் மெரீனாவில் விமான சாகச நிகழ்ச்சியைக் காண வந்தவர்களில் ஐவர் உயிரிழந்தனர். கூட்ட நெரிசலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் இருந்தன என்பது உண்மையே. ஆனால், அது கத்திரி வெயில் காலமன்று. வெப்பம் 40-ஐ நெருங்கவுமில்லை. அதே மாதத்தில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தது, உயிரிழப்போர் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணத்துடன். வரவேற்கத்தக்கதே, ஆனால், புழுக்கத்தால் இறப்பவர் அந்த வரையறைக்குள் வருவாரா?

வறண்ட வெயிலும் எளிதானதன்று. வியர்வை தெரியாமலேயே உலர்ந்துவிடுவதால், எவ்வளவு நீர் இழந்தோம் என்பதைச் சேலத்துத் தொழிலாளி உணர்வதில்லை. அவருக்கு வேண்டியது நிழலும் நேரம் தவறாத தண்ணீரும். சென்னைக்குச் சென்றால் தண்ணீர் மட்டும் போதாது. காற்றோட்டமும் ஓய்வும் வேண்டும். புதிய சூழலுக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். ஊரிலிருந்து வந்து இறங்கிய மறுநாளே முழுநேரச் சுமை வேலையில் அவரை நிறுத்தும் ஒப்பந்ததாரர்கள் அந்த அவகாசத்தைத் தருவதில்லை.